வயதானவர்கள் குளிக்க வெந்நீர்: அடுப்பா, ராடா, கீசரா, சோலாரா?

கார்த்திகை பிறந்து விடியற்காலைக் குளிர் தட்டத் தொடங்கியதும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. ரெண்டு பேரும் தனியாத்தான் இருக்காங்க. குளிக்க வெந்நீருக்கு எதை வாங்கிப் போடலாம்?" கடைக்காரரிடம் கேட்டால் லிட்டர், வாட், ஸ்டார் என்று கணக்குச் சொல்வார். எதுவும் தப்பில்லை. ஆனால் வயதானவர்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கு இரண்டாவதுதான். உடம்பு வெந்துபோகாமல் குளித்துவிட்டு வெளியே வர வேண்டும். அதற்கு எது தோதுப்படும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தீக்காயம் என்றதும் நமக்கு அடுப்படிதான் நினைவுக்கு வருகிறது. குளியலறையை யாரும் சந்தேகிப்பதில்லை. அங்கே நெருப்பே இல்லையே!

வயதான தோலும் சூடும்

வெந்நீர் தோலை எவ்வளவு நேரத்தில் ஆழமாக வேகவைக்கும் என்பதற்கு 1947-இல் வெளிவந்த மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் ஆய்வைத்தான் இன்றும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அதை ஒட்டி வழங்கும் கணக்கு இது: 49 டிகிரி செல்சியஸ் தண்ணீருக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். 55 டிகிரிக்கு அரை நிமிடம். 60 டிகிரிக்கு 5 வினாடி. 70-ஐ எட்டினால் ஒரு வினாடிகூட வேண்டாம். இடையில் வெறும் இருபது டிகிரி சொச்சம் வித்தியாசம்தான் என்பதைக் கவனியுங்கள்.

இது வளர்ந்த ஆட்களின் தோலுக்கான கணக்கு. வயது ஏற ஏறத் தோல் மெலிந்துவிடும், அதனால் இதைவிடச் சீக்கிரம் வேகும். நாம் சுட்டதும் துள்ளி நகர்ந்துவிடுவோம். முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பவரால் அந்த 5 வினாடியில் எழுந்திருக்கவே முடியாது. பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுபவருக்குச் சட்டென எழுந்தால் தலை சுற்றும். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவதே தெரியாது. குளித்துவிட்டு வந்து கால் துடைக்கும்போது கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அந்தப் புண் ஆறுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

குளிக்க நமக்கு வேண்டியதோ 38 முதல் 40 டிகிரிதான். பதமாக விளாவிய தண்ணீர் என்று நாம் சொல்வது இந்தச் சூட்டைத்தான்.

எதை வைத்து ஒப்பிடுவது

என் வரிசை இது. ஒன்று, சுவிட்சை அணைக்க மறந்தால் தண்ணீர் எவ்வளவு சூடு வரை போகும்? இரண்டு, கொதிக்கும் தண்ணீரை யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா? மூன்று, குளித்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் சூடு மாறுமா? நான்கு, ஷாக், விஷவாயு மாதிரி வேறு ஏதாவது கூடவே வருமா? செலவு கடைசி.

செலவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 18 லிட்டர் வாளித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர ராடோ கீசரோ எதுவானாலும் சுமார் கால் யூனிட் மின்சாரம் போதும். இரண்டு பேர் தினமும் குளித்தாலும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். தொட்டியில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் நினைத்தால், ராடு சிக்கனம், கீசர் கரண்ட்டைக் குடிக்கும் என்ற பேச்சுக்குப் பெரிய அர்த்தமில்லை.

அடுப்பில் காய்ச்சித் தூக்கி வருவது

நிறைய அம்மாக்களுக்கு இதுதான் பிடிக்கும். "கீசர் தண்ணி உடம்புக்கு ஆகாது, முடி கொட்டும்" என்பார்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஆபத்து அடுப்புக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய குண்டானில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர், இரண்டு பக்கமும் கரித்துணி, முன்னால் கால் தெரியாது, வழியில் ஒரு நிலைப்படி, குளியலறை வாசலில் ஈரம். கை நடுங்கி ஒரு தளும்பு தளும்பினால் வயிற்றிலிருந்து பாதம் வரை கொட்டும். பருத்திப் புடவையோ வேட்டியோ அந்தச் சூட்டை உறிஞ்சி உடம்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். குண்டானை இறக்கும்போது கரித்துணியின் நுனியோ முந்தானையோ பர்னரில் படுவது தனி ஆபத்து. கிராமத்தில் விறகு, தேங்காய் மட்டை போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் பின்கட்டில் இருந்தால் தூக்கும் தூரம் குறையும். ஆனால் குனிந்து தணலைத் தள்ளும் வேலை கூடும்.

அம்மா இதை விடவே மாட்டேன் என்றால் சண்டை போட வேண்டாம். அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். கொதித்த தண்ணீர் 3 லிட்டரை 15 லிட்டர் பச்சைத் தண்ணீரில் விட்டாலே ஒரு வாளி நிறைய 40 டிகிரித் தண்ணீர் கிடைத்துவிடும். அண்டா அண்டாவாகக் காய்ச்ச வேண்டியதே இல்லை. அந்த 3 லிட்டரையும் குண்டானோடு தூக்காமல், மூடி இறுகிய தூக்குவாளியில் பாதிப் பாதியாக மொண்டு இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம். இன்னும் நல்லது, வீட்டில் இளையவர் யாராவது தூக்குவது.

ஒருவர் மட்டும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வெந்நீரில் குளிக்கிறார், தூக்கித் தர ஆள் இருக்கிறது என்றால் இந்த வழியே போதும். தனியாக இருக்கும் முதியவருக்கு இது வேண்டாம்.

ஹீட்டர் ராடு

சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டாம். அதனால்தான் எல்லோர் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. என் கேள்விகளில் மிக மோசமாகத் தோற்பதும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 வாட் ராடு, 18 லிட்டர் வாளி, தண்ணீர் 28 டிகிரி. பத்து நிமிடத்தில் 40 டிகிரி வந்துவிடும். அங்கே நிறுத்தினால் சரி. போன் வந்தது, பால்காரர் கூப்பிட்டார், அரை மணி ஆகிவிட்டது என்றால் 60-ஐத் தாண்டியிருக்கும். முக்கால் மணி நேரத்தில் 80-ஐ நெருங்கும். சாதாரண ராடில் தானாக நிற்கும் வசதி கிடையாது. ஞாபகம் ஒன்றுதான் தெர்மோஸ்டாட். எழுபது வயதில் நாம் நம்பியிருக்கக் கூடாத பொருளும் அதுதானே.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ராடுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் அவ்வளவாகச் சூடாகாது. சூடான தண்ணீர் மேலேயே நிற்கும். வாளியின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து "இன்னும் காயவில்லை" என்று விட்டுவைத்தால், மேலே மொள்ளும் முதல் மக் தண்ணீர் தோளைச் சுட்டுவிடும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை எடுத்துவிட்டு, நீளக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிய பிறகுதான் சூட்டைப் பார்க்க வேண்டும்.

ராடு ஓடும்போது விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் உயிரையே வாங்கும். இரும்பு, அலுமினிய வாளியில் ராடு போடுவதும் அப்படித்தான். பிளாஸ்டிக் வாளி என்றால் ராடு பட்ட இடம் இளகி, ஒரு நாள் தூக்கும்போது பிடியோடு கையில் வரும். எடுத்த ராடை ஆறுவதற்குள் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்காருவதையும் பார்க்கிறோம்.

வேறு வழியில்லை என்றால் தானாக நிற்கும் வசதியுள்ள ராடாக, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். வீட்டு மெயினில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) இருக்க வேண்டும். ராடு போட்டு எடுப்பது வேறொருவர் வேலையாக இருக்கட்டும். குளிப்பவர் வேலையாக வேண்டாம்.

தொட்டி கீசர் (15 அல்லது 25 லிட்டர்)

நான் பெரும்பாலான வீடுகளுக்குச் சொல்வது 15 லிட்டர் கீசர்தான். உள்ளே தெர்மோஸ்டாட் இருப்பதால் சுவிட்சை மறந்தாலும் ஓர் அளவுக்கு மேல் சூடாகாது. அது பழுதானால் நிறுத்த இன்னொரு கட்-அவுட்டும், அழுத்தம் ஏறினால் திறக்கும் வால்வும் உண்டு. யாரும் எதையும் தூக்க வேண்டாம்.

ஆனால் வாங்கி மாட்டியவுடன் வேலை முடிந்துவிடாது. பல கீசர்கள் 60 டிகிரிக்கு மேலேயே வைத்துத்தான் கடையிலிருந்து வரும். மேலே சொன்ன 5 வினாடிக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? மாட்ட வரும் எலக்ட்ரீஷியனிடமே சொல்லி 50-க்கு அருகே குறைக்கச் செய்யுங்கள். கீசரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் உள்ள எண்களை நம்பாதீர்கள்; பலவற்றில் அவை டிகிரியே அல்ல. கீசரின் விளக்கு அணைந்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து இரண்டு மக் தண்ணீரை விட்டுவிட்டு, மூன்றாவது மக்கைப் பிடித்துச் சமையலறைத் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 50-ஐத் தாண்டினால் திருகை இன்னும் கீழே இறக்க வேண்டும். 15 லிட்டர் போதுமா என்று தயங்க வேண்டாம்: 50 டிகிரியில் வைத்தால்கூடப் பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் சுமார் 27 லிட்டர், அதாவது ஒன்றரை வாளி வரும். அடுத்தவர் குளிக்கக் கால் மணி நேரம் விட்டால் போதும். இருவரும் ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பவர்கள் என்றால் 25 லிட்டர் வாங்கலாம்.

சூட்டைக் குறைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அது நுரையீரலைத் தாக்கும். தினமும் காய்ச்சித் தினமும் தீரும் வீட்டில் அவ்வளவு பயம் வேண்டாம். பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் மட்டும், இளையவர் யாராவது திருகை முழுக்க ஏற்றி, நன்றாகச் சூடாகவிட்டு, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மறுபடி இறக்கி வைக்கட்டும்.

இதையே நிரந்தரமாகத் தீர்க்கும் பொருள் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு. உள்ளே 60 டிகிரி இருந்தாலும் குழாய்க்கு வரும்போது பச்சைத் தண்ணீரைக் கலந்து, வைத்த சூட்டைத் தாண்ட விடாது. இங்கிலாந்தில் 2010 முதல் புது வீடுகளின் குளியல் தொட்டிக்கு 48 டிகிரிதான் உச்சம். ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களுக்கு 45. அங்கே இந்த வால்வை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். நம் ஊரில் கடையில் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் கூடுதல்தான். பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர், மறதி நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் உள்ளே காரை படியும், ஆண்டுக்கொரு சர்வீஸ் வேண்டும். பழைய வீட்டில் 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயர் இழுக்க வேண்டிவரும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அன்றே பார்த்துவிடுங்கள். எப்படியானாலும் கீசரை அணைத்துவிட்டுக் குளிக்கும் பழைய பழக்கம் நல்லது.

இன்ஸ்டன்ட் கீசர் (3 லிட்டர்)

விலை குறைவு, இடம் அடைக்காது. பாத்திரம் கழுவும் இடத்துக்கு நல்ல பொருள். குளியலறைக்கு, அதுவும் வயதானவருக்கு, எனக்கு உடன்பாடில்லை.

காரணம் தண்ணீரின் வேகம். 3000 வாட் கீசர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 28 டிகிரித் தண்ணீரை 42 ஆக்கித் தரும். அருமை. அதே நேரத்தில் சமையலறைக் குழாயை யாராவது திறந்தாலோ, மேல்தொட்டியில் தண்ணீர் இறங்கினாலோ வேகம் பாதியாகும். சூடு 57-க்கு ஏறும். நாம் எதையுமே தொட்டிருக்க மாட்டோம். ஷவருக்கு அடியில் நிற்பவருக்கு இது எச்சரிக்கை இல்லாமல் வரும். வாளியில் பிடித்துக் கலக்கிக் குளிப்பவர் என்றால் அவ்வளவு மோசமில்லை.

கேஸ் கீசர்

கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இதை விரும்புகிறார்கள். இதுவும் தண்ணீர் வேகம் மாறினால் சூடு மாறும் வகைதான். அதைவிடப் பெரிய விஷயம் கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை, மூடிய குளியலறையில் சில நிமிடங்களில் மயக்கம். குளியலறைக்கு உள்ளே இதை மாட்டவே கூடாது. வெளிச் சுவரில், காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வருவதாக இருந்தால் பார்க்கலாம். தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கும் முதியவர் உள்ளே விழுந்தால் வெந்நீரும் நிற்காமல் மேலே ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

சோலார்

மாதச் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஷாக் இல்லை, கேஸ் இல்லை. சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி, கையில் பணம் இருப்பவருக்குக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சூரியனுக்குத் திருகு கிடையாது. நல்ல வெயில் நாளில் தொட்டித் தண்ணீர் 70, 80 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தொடும்.

விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். மாடியிலிருந்து குளியலறை வரை குழாயில் நிற்கும் பழைய தண்ணீர் முதலில் பச்சையாக வரும். "இன்னும் சூடு வரலையே" என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அடியிலேயே காலை வைத்து நிற்பார்கள். அரை நிமிடம் கழித்து 75 டிகிரித் தண்ணீர் பாதத்தில் விழும். எனவே சோலார் என்றால் மிக்ஸிங் வால்வும் சேர்த்துத்தான் விலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சூடேறாத நாளுக்கு உள்ளே ஒரு எலக்ட்ரிக் காயில், உப்புத் தண்ணீருக்கு ஆண்டுதோறும் குழாய் சுத்தம் என்று பட்டியல் கொஞ்சம் நீளும்.

ஒரே பார்வையில்

| வழி | மறந்தால் | தூக்கும் வேலை | திடீர்ச் சூடு | வேறு ஆபத்து | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| அடுப்பு | கொதிக்கும் | உண்டு | இல்லை | துணியில் தீ, வழுக்கல் | தூக்க ஆள் |
| ராடு | 80 டிகிரியும் போகும் | சில வீடுகளில் | மேல்தண்ணீர் சுடும் | ஷாக் | வாளி, ஆர்.சி.சி.பி. |
| தொட்டி கீசர் | வைத்த அளவில் நிற்கும் | இல்லை | குறைவு | எர்த் சரியில்லையெனில் ஷாக் | வயரிங், சர்வீஸ் |
| இன்ஸ்டன்ட் | ஓரளவில் நிற்கும் | இல்லை | அதிகம் | எர்த் சரியில்லையெனில் ஷாக் | கனமான வயர் |
| கேஸ் கீசர் | குழாயை மூடினால் நிற்கும் | இல்லை | அதிகம் | விஷவாயு | வெளியே மாட்டும் வேலை |
| சோலார் | வெயிலைப் பொறுத்தது | இல்லை | மிக அதிகம் | எலக்ட்ரிக் காயில் இருந்தால் ஷாக் | மிக்ஸிங் வால்வு, சுத்தம் |

யாருக்கு எது

தனியாக இருக்கும் தம்பதி, சொந்த வீடு: 15 லிட்டர் கீசர், 50 டிகிரி. வாடகை வீடு, சுவரைத் தொடக்கூடாது என்கிற வீட்டுக்காரர்: முதலில் அவரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள், அப்பாவுக்கு வயதாகிறது என்று சொன்னால் பலரும் சம்மதிப்பார்கள், முடியாவிட்டால் தானாக நிற்கும் ராடு, போட ஓர் ஆள். மறதி நோய் தொடங்கியவர்: மிக்ஸிங் வால்வோடு கீசர், சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. ஏற்கெனவே சோலார் இருக்கும் வீடு: அதைக் கழற்ற வேண்டாம், வால்வை மட்டும் சேருங்கள். படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிட வேண்டியவர்: இதில் எதுவுமே வேண்டாம், ஒரு பாத்திரம் விளாவிய தண்ணீர் போதும், ஆனால் அதையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் ஒரு பழக்கம் வேண்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். மூடும்போது வெந்நீரை முதலில் மூடி, பச்சைத் தண்ணீரைக் கடைசியில் மூட வேண்டும். அப்போது குழாயின் உலோகமும் ஆறியிருக்கும். ஒற்றைப் பிடிக் குழாய் என்றால் எப்போதும் பச்சைப் பக்கம் திருப்பியே வையுங்கள். சூட்டை விரலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு இன்னொருவர் பார்த்துச் சொல்வது உத்தமம். கால்வலிக்கு வெந்நீரில் பாதம் ஊறவைப்பதும், மரத்துப்போன காலில் வெந்நீர்ப் பை ஒத்தடமும் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கொட்டிவிட்டால்

குழாய்த் தண்ணீரை, சாதாரண குளிர்ச்சியில், பட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் கூடாது. இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் கூடாது. நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள். வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். உடம்பின் மற்ற பாகத்தை உலர்ந்த போர்வையால் மூடுங்கள், வயதானவர்களுக்குச் சீக்கிரம் குளிர் ஏறிவிடும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உள்ளங்கை அளவைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், தொடை இடுக்கில் பட்டது, சர்க்கரை உள்ளவர் காலில் பட்டது என்றால் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பெரிய காயத்துக்கு 108-ஐக் கூப்பிடுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்படி உண்டா என்று இப்போதே விசாரித்து, அந்த எண்ணை வீட்டு போனில் பதிந்து வைக்கலாம்.